மூத்த வீரரை மீண்டும் அழைத்தல் தகுமா?

ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தில் கிரிக்கெட்டைப் பற்றிப் பேச்சு எழுந்தால் உடனே இரண்டு கட்சிகள் தோன்றிவிடும். நாம் எல்லைப்புற மக்கள். நிலத்தால் தமிழ்நாட்டைச் சார்ந்தவர்கள். தொழிலாலும் போக்குவரத்தாலும் பெங்களூரைச் சார்ந்தவர்கள். ஜூஜூவாடியைக் கடந்தால் அத்திப்பள்ளி வந்துவிடும். ஓசூரிலிருந்து பெங்களூரின் சின்னசாமி விளையாட்டரங்கம் ஏறத்தாழ 40 கிலோமீட்டர். சென்னையின் சேப்பாக்கமோ ஏறத்தாழ 300 கிலோமீட்டர். ஆகவே ஒரே இல்லத்தில் தந்தை சென்னை அணிக்கும் மகன் பெங்களூர் அணிக்கும் ஆதரவாக வழக்காடுவதை நம் ஊர்களில் காணலாம். சிப்காட் தொழிற்சாலைகளின் உணவுக்கூடங்களிலும் கல்லூரி விடுதிகளிலும் இவ்வழக்கு ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுகிறது.

இவ்விரு சாராரையும் ஒருங்கே சிந்திக்க வைத்த வினா ஒன்று உண்டு. ஒரு காலத்தில் புகழின் உச்சியில் நின்ற பந்துவீச்சாளர் வயது முதிர்ந்து நிற்கும்போது, அவரை ஓர் அணி பெருந்தொகை கொடுத்து மீண்டும் அழைத்துக்கொள்ளலாமா என்பதே அது. மேலோட்டமாக நோக்கினால் இது விளையாட்டுச் செய்தியாகத் தோன்றும். ஆயினும் முதுமைக்கு எவ்வளவு இடம், இளமைக்கு எவ்வளவு இடம், நன்றிக்கு எவ்வளவு விலை என்னும் கேள்விகள் இதனுள் அடங்கியுள்ளன. ஆதலின் தமிழ்த்துறை மலர் ஒன்றில் இதனை ஆராய்வது பொருத்தமற்றதாகாது.

இரண்டு ஏலங்கள், இரண்டு முடிவுகள்

2024 நவம்பர் 24, 25 ஆகிய நாட்களில் சவூதி அரேபியாவின் ஜெட்டா நகரில் ஐ.பி.எல். வீரர்களுக்கான பெரும் ஏலம் நடைபெற்றது. அதில் சென்னை சூப்பர் கிங்ஸ் அணி இரவிச்சந்திரன் அஸ்வினை 9 கோடியே 75 இலட்சம் ரூபாய்க்கு வாங்கியது. அப்போது அவருக்கு வயது 38. அதே ஏலத்தில் ராயல் சேலஞ்சர்ஸ் பெங்களூரு அணி வேகப்பந்து வீச்சாளர் புவனேஷ்வர் குமாரை 10 கோடியே 75 இலட்சம் ரூபாய்க்கு வாங்கியது. அவருக்கு அப்போது வயது 34. இருவரும் தத்தம் கலையில் பெரும்புகழ் பெற்றவர்கள். இருவரின் சிறந்த காலமும் கடந்துவிட்டது என்று பலர் கருதிய நிலையில் வாங்கப்பட்டவர்கள்.

அஸ்வினின் பெருமையை நம் மாணவர்களுக்கு விரித்துரைக்கத் தேவையில்லை. 106 டெஸ்ட் ஆட்டங்களில் 537 விக்கெட்டுகள் வீழ்த்தியவர் அவர். இந்தியர்களுள் அவரினும் மிகுதியாக வீழ்த்தியவர் 619 விக்கெட்டுகள் பெற்ற பெங்களூர் அனில் கும்ளே ஒருவரே. 2011 மே 28 அன்று சேப்பாக்கத்தில் சென்னை அணியும் பெங்களூர் அணியும் மோதிய இறுதியாட்டத்தில், முதல் ஓவரிலேயே கிறிஸ் கெயிலை ஓட்டம் எதுவும் எடுக்கவிடாமல் வெளியேற்றியவர் அஸ்வின். அன்று வெற்றி யாருக்கு என்பது அப்பந்திலேயே பெரிதும் முடிவாகிவிட்டது எனலாம். 2015-ஆம் ஆண்டுக்குப் பின் சென்னை அணியைப் பிரிந்து பிற அணிகளில் ஆடிய அவர், பத்தாண்டு இடைவெளிக்குப் பின் 2025-இல் மஞ்சள் உடை தரித்து மீண்டும் சேப்பாக்கத்தில் கால்வைத்தபோது தமிழகமே மகிழ்ந்தது.

முடிவு வேறாக அமைந்தது. 2025 பருவத்தில் அவர் ஆடியவை 9 ஆட்டங்கள். வீழ்த்தியவை 7 விக்கெட்டுகள். ஓவருக்கு ஒன்பது ஓட்டங்களுக்கு மேல் விட்டுக்கொடுத்தார். சென்னை அணி 14 ஆட்டங்களில் நான்கில் மட்டும் வென்று, தன் வரலாற்றில் முதன்முறையாகப் பட்டியலின் கடைசி இடத்தைப் பெற்றது. 2025 ஆகஸ்ட் 27 அன்று அஸ்வின் ஐ.பி.எல். ஆட்டத்திலிருந்து ஓய்வு பெறுவதாக அறிவித்தார்.

புவனேஷ்வர் குமாரோ அதே பருவத்தில் 14 ஆட்டங்களில் 17 விக்கெட்டுகளை வீழ்த்தினார். 2025 ஜூன் 3 அன்று அகமதாபாத்தில் நடைபெற்ற இறுதியாட்டத்தில், பஞ்சாப் அணி இலக்கை நெருங்கிக்கொண்டிருந்த 17-ஆவது ஓவரில் நேஹால் வதேராவையும் மார்கஸ் ஸ்டாய்னிஸையும் அவர் வெளியேற்றினார். பெங்களூர் அணி ஆறு ஓட்டங்களில் வென்று, பதினெட்டு ஆண்டுக் காத்திருப்பின் பின் முதன்முறையாகக் கோப்பையை ஏந்தியது.

மூத்த வீரரை வாங்குவது தவறு என்று ஒரே வரியில் தீர்ப்புக் கூறுவோரை இவ்விரண்டாம் நிகழ்ச்சி மறுக்கிறது. அனுபவம் என்றும் வெல்லும் என்று முழங்குவோரை முதல் நிகழ்ச்சி மறுக்கிறது. ஆகவே விடை வயதில் இல்லை என்பது தெளிவு. எனில் அது எங்கே உள்ளது?

திருக்குறளின் அரசியலில் 48, 49, 50 ஆகிய மூன்று அதிகாரங்களும் அடுத்தடுத்து நிற்கின்றன: வலியறிதல், காலமறிதல், இடனறிதல். ஒரு செயலில் இறங்குமுன் அரசன் ஆராய வேண்டியவை என்று வள்ளுவர் வகுத்த முறை அது. அணி அமைப்போர்க்கும் அம்முறையே போதும் என்பது என் கருத்து. அவ்வரிசையிலேயே இவ்வினாவை நோக்குவோம்.

வலியறிதல்

முதலாவது கேள்வி: இவ்வீரரிடம் இன்று எஞ்சியிருக்கும் வலிமை எது? அவர் முன்பு என்ன செய்தார் என்பது வரலாறு. அதற்குப் பாராட்டு விழா எடுக்கலாம், மாலை சூட்டலாம். விலை கொடுப்பதோ நாளைய ஓவருக்காக.

பந்துவீச்சில் உடல் வலிமையால் நிற்கும் திறன்கள் உள்ளன. நுட்பத்தால் நிற்கும் திறன்களும் உள்ளன. முன்னவை வயதோடு தேயும். பின்னவை நெடுங்காலம் நிலைக்கும். ஷேன் வார்ன் 2007 தொடக்கத்திலேயே பன்னாட்டு ஆட்டங்களிலிருந்து விலகியவர்; 2008-இல் தம் 38-ஆம் வயதில் ராஜஸ்தான் அணிக்குத் தலைமை தாங்கி 19 விக்கெட்டுகள் வீழ்த்தி முதல் ஐ.பி.எல். கோப்பையையே வென்று தந்தார். அனில் கும்ளே 2008 நவம்பரில் டெஸ்ட் ஆட்டத்திற்கு விடை கொடுத்தார். 2009-இல் தென்னாப்பிரிக்காவில் நடைபெற்ற பருவத்தில் பெங்களூர் அணிக்காக 21 விக்கெட்டுகள் எடுத்தார். கேப்டவுனில் ராஜஸ்தானுக்கு எதிராக ஐந்து ஓட்டங்களுக்கு ஐந்து விக்கெட்டுகள், இறுதியாட்டத்தில் 16 ஓட்டங்களுக்கு நான்கு விக்கெட்டுகள் என அவர் ஆடியபோது வயது 38. இம்ரான் தாஹிர் 2019-இல் சென்னை அணிக்காக 26 விக்கெட்டுகள் வீழ்த்தி அப்பருவத்தின் தலைசிறந்த பந்துவீச்சாளராகத் திகழ்ந்தார். அவர் அப்பருவத்தின் தொடக்கத்தில் நாற்பது வயதை எட்டியவர்.

கடல் கடந்த நாட்டிலும் இதற்குச் சான்று உண்டு. அமெரிக்கர்களின் பேஸ்பால் ஆட்டத்தில், தம் அணி முன்னிலையில் இருக்கும்போது கடைசிக் கட்டத்தில் வந்து, அம்முன்னிலையைக் காத்து ஆட்டத்தை முடித்துக் கொடுக்கும் பந்துவீச்சாளர்கள் தனியே உள்ளனர். நம் கிரிக்கெட்டில் கடைசி ஓவர்களை வீசுவோரின் பணியை அதனோடு ஒப்பிடலாம். நியூயார்க் யாங்கீஸ் அணியின் மரியானோ ரிவேரா தம் வாழ்நாளில் 652 முறை அவ்வாறு முன்னிலையைக் காத்துத் தந்தவர். 2012-இல் முழங்காலில் கடுங்காயம் அடைந்து மீண்டு, 2013-இல் தம் 43-ஆம் வயதில் 44 முறை அப்பணியைச் செய்து முடித்தபின் ஓய்வு பெற்றார். அவரது படைக்கலம் பெரும்பாலும் ஒரே வகைப் பந்துதான். மட்டைக்கு அருகில் வந்தபின் சற்றே விலகிச் செல்லும் அந்த ஒரு பந்தை அவர் இறுதிவரை பழுதின்றி வைத்திருந்தார். பல கலைகள் மங்கினும் ஒரு கலை மங்காதிருந்தால் போதும் என்பதை இது காட்டும்.

ஆகவே கேட்க வேண்டியது, அவர் வயது என்ன என்பதன்று. அவரிடம் இன்றும் கூர்மை குன்றாத அந்த ஒரு கலை எது என்பதே. அதனைப் பெயர் சொல்லிக் குறிப்பிட இயலாத நிர்வாகம், புகழுக்கு விலை கொடுக்கிறது என்று பொருள்.

காலமறிதல்

இரண்டாவது கேள்வி: அவர் கலை இன்றைய ஆட்டத்திற்குப் பொருந்துகிறதா? வீரர் மாறாதிருக்கலாம், ஆட்டம் மாறிவிடக்கூடும்.

2023-ஆம் ஆண்டு ஐ.பி.எல். ஆட்டத்தில் 'இம்பாக்ட் பிளேயர்' என்னும் விதி புகுத்தப்பட்டது. ஆட்டத்தின் நடுவே ஒரு வீரரை விலக்கி, வேறொருவரை இறக்கிக்கொள்ளலாம் என்பது அவ்விதி. இதனால் ஒவ்வோர் அணிக்கும் ஒரு மட்டையாளர் கூடுதலாகக் கிடைத்தார். பின்னே ஆள் இருக்கிறார் என்னும் துணிவில் தொடக்கம் முதலே அடித்தாடும் போக்கு வளர்ந்தது. 2024 ஏப்ரல் 15 அன்று நம் அண்டை நகரான பெங்களூரிலேயே ஹைதராபாத் அணி 20 ஓவர்களில் 287 ஓட்டங்கள் குவித்தது. ஒருகாலத்தில் நடு ஓவர்களில் ஓட்டங்களை இறுக்கிப் பிடித்து எதிரணியைத் திணறச் செய்வது சுழற்பந்து வீச்சாளரின் பெருந்தொண்டாக இருந்தது. இறுக்கிப் பிடிக்க இடமே கொடாத ஆட்டத்தில் அத்தொண்டின் மதிப்புக் குறைந்தது. அஸ்வின் ஏலத்திற்கு முந்தைய 2024 பருவத்தில் ராஜஸ்தான் அணிக்காக 15 ஆட்டங்களில் 9 விக்கெட்டுகளே பெற்றார் என்பது அனைவரும் அறிந்திருந்த செய்தியே.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். புவனேஷ்வர் குமாரும் 2024-இல் ஹைதராபாத் அணிக்காக 16 ஆட்டங்களில் 11 விக்கெட்டுகளே பெற்றவர். அப்படியாயின் அவரை மட்டும் வாங்கியது எவ்வாறு சரியாகும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. முந்தைய ஆண்டின் எண்ணிக்கையை மட்டும் கொண்டு ஒருவரை எடைபோட முடியாது என்பதை நான் ஒப்புகிறேன். வேறுபாடு பணியில் உள்ளது. மட்டையாளர்கள் எவ்வளவு துணிந்து ஆடினும், புதிய பந்தை இருபுறமும் வளைப்பவரும், இறுதி ஓவர்களில் வேகத்தைக் கூட்டிக் குறைத்து ஏமாற்றுபவரும் எல்லா அணிக்கும் தேவைப்படுகின்றனர். அவ்விரு வேலைகளும் காலத்தால் தேவை குன்றாதவை. மறுமுனையில் ஜோஷ் ஹேசில்வுட் போன்ற ஒருவரும் நின்றதால் புவனேஷ்வர் மீது முழுச் சுமையும் விழவில்லை.

காலம் என்பதற்கு இன்னொரு பொருளும் உண்டு. முதிர்ந்த அணி ஓர் ஆண்டு வெல்லும். அதே அணி மறு ஆண்டோ அதற்கடுத்த ஆண்டோ ஒருசேரத் தளரும். 2018-இல் சென்னை அணியை முதியோர் படை என்று எள்ளினர். அவ்வாண்டு மே 27 அன்று இறுதியாட்டத்தில் 36 வயது ஷேன் வாட்சன் ஆட்டமிழக்காமல் 117 ஓட்டங்கள் எடுத்துக் கோப்பையை வென்று தந்தார். எள்ளியோர் வாயடைத்தனர். ஆனால் 2020-இல் அதே அணி ஏழாம் இடத்திற்கு இறங்கி, முதன்முறையாக அடுத்த சுற்றுக்குச் செல்ல இயலாமல் நின்றது. மூத்தோரை நம்பலாம், மூத்தோரை மட்டுமே நம்பி இருந்தால், அனைவர்க்கும் ஒரே நாளில் அந்தி சாயும்.

இடனறிதல்

மூன்றாவது கேள்வி: அணியில் அவருக்கு இடம் எங்கே? இதில் களமும் அடங்கும். பதினொருவர் வரிசையும் அடங்கும்.

சென்னை அணி அஸ்வினை வாங்கியபோது எண்ணியது விளங்குகிறது. சேப்பாக்கத்து ஆடுகளம் சுழலுக்கு உதவும். இரவீந்திர ஜடேஜா இருக்கிறார். ஆப்கானிஸ்தானத்து இளைஞர் நூர் அகமதும் 10 கோடிக்கு வந்துவிட்டார். இவர்களோடு அஸ்வினும் சேர்ந்தால் சொந்த மண்ணில் எவரும் வெல்ல இயலாது என்பது அக்கணக்கு. 2011-ஆம் ஆண்டுச் சேப்பாக்கத்திற்கு அக்கணக்குச் சரியே. ஆனால் 2025 மார்ச் 28 அன்று பெங்களூர் அணி 2008-க்குப் பின் முதன்முறையாகச் சேப்பாக்கத்தில் சென்னையை வீழ்த்தியது. சொந்தக் களத்தின் சாதகம் தங்களுக்குக் கிட்டவில்லை என்று தலைமைப் பயிற்சியாளர் ஸ்டீபன் ஃபிளெமிங் அன்றே வெளிப்படையாகக் கூறினார். அப்பருவத்தில் சேப்பாக்கத்தில் ஆடிய ஆறு ஆட்டங்களில் சென்னை வென்றது ஒன்றே. நிலம் மாறியதை அறியாமல் பழைய விதையைத் தூவிய உழவரின் நிலை அது.

வரிசையில் இடம் என்பதும் அவ்வாறே. இருபது வயது நூர் அகமது அப்பருவத்தில் 24 விக்கெட்டுகள் வீழ்த்தினார். ஜடேஜாவை விலக்க இயலாது. மூன்று சுழற்பந்து வீச்சாளர்களை ஒருங்கே ஆட வைக்கும் களம் அமையாதபோது, வெளியே அமர வேண்டியவர் யார்? வயதில் மூத்தவரே அமர்ந்தார். 537 டெஸ்ட் விக்கெட்டுகள் வீழ்த்திய ஒருவர் தம் சொந்த நகரத்தில் வெளியே அமர்ந்திருக்கும் நிலையை அவருக்கு உண்டாக்கியது, அவர் முதுமையைவிட நிர்வாகத்தின் கணக்குப் பிழையே ஆகும்.

இடம் ஒதுக்காமல் விலை மட்டும் கொடுப்பது மூத்தோர்க்கு மட்டும் நேரும் துன்பமன்று. தருமபுரிக்கு அப்பால் சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டியிலிருந்து எழுந்து வந்த தங்கராசு நடராஜன், கடைசி ஓவர்களில் யார்க்கர் வீசுவதில் வல்லவர். அதே ஏலத்தில் டெல்லி அணி அவரை 10 கோடியே 75 இலட்சத்திற்கு வாங்கியது. 2025 பருவத்தில் அவர் ஆடியது இரண்டே ஆட்டங்கள். பெருந்தொகை ஒருவருக்குச் செய்யும் மரியாதை என்று நாம் எண்ணுகிறோம். பயன்படுத்தப்படும் இடமே உண்மையான மரியாதை.

இளையோர் பங்கு

வலி, காலம், இடம் மூன்றும் பொருந்தினாலும் ஒரு கணக்கை மறத்தல் ஆகாது. அணியின் பணப்பை அளவுடையது. 2025 பருவத்திற்கு ஒவ்வோர் அணியும் செலவிடக்கூடிய தொகை 120 கோடி. சென்னை அணி தக்கவைத்துக்கொண்ட ஐவருக்கு 65 கோடி போக, ஏலத்தில் எஞ்சியது 55 கோடி. அதில் 9 கோடியே 75 இலட்சம் என்பது ஆறில் ஒரு பங்கிற்கும் மேல். ஒருவர்க்கு அளிக்கும் பங்கு மற்றொருவர்க்குக் கிடைக்காத பங்கு.

இரவிசீனிவாசன் சாய் கிஷோர் என்னும் தமிழக இடக்கைச் சுழற்பந்து வீச்சாளரின் கதையை நம் மாணவர்கள் அறிந்துகொள்ள வேண்டும். 2020, 2021 ஆகிய ஈராண்டுகள் அவர் சென்னை அணியில் இருந்தார். ஓர் ஆட்டத்திலும் களமிறங்கும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை. 2022-இல் குஜராத் அணி அவரை ஆட வைத்தது. 2024 ஏலத்தில் அவ்வணி 2 கோடிக்கு அவரைத் தக்கவைத்துக்கொண்டது. 2025-இல் அவர் 19 விக்கெட்டுகள் வீழ்த்தினார். அதே குஜராத் அணியில் அதே ஆண்டு 759 ஓட்டங்கள் குவித்துப் பருவத்தின் முதல்வரானவர் சென்னை இளைஞர் சாய் சுதர்சன். நம் தோட்டத்தில் முளைத்த கன்றுகள் அயலார் தோட்டத்தில் காய்த்தன. நாமோ பழைய மரத்தின் நிழலைப் பாடிக்கொண்டிருந்தோம்.

இளையோர் என்பதற்காக மட்டும் இளையோர்க்கு இடம் தரவேண்டும் என்று நான் கூறவில்லை. திறன் சமமாக இருக்கும்போது, நாளை வளரக்கூடியவர்க்கு முதலிடம் என்பதே நான் வேண்டுவது. சென்னை அணியும் இப்பாடத்தைக் கற்றதாகவே தோன்றுகிறது. 2025 டிசம்பர் 16 அன்று அபுதாபியில் நடைபெற்ற ஏலத்தில், இந்திய அணிக்கு ஆடியிராத பிரசாந்த் வீர், கார்த்திக் சர்மா என்னும் இரு இளைஞர்களை ஆளுக்கு 14 கோடியே 20 இலட்சம் கொடுத்து அவ்வணி வாங்கியது. ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரத்திற்கே பாய்ந்துவிட்டதோ என்று ஐயுறலாம். இளமைக்கும் இதே மூன்று கேள்விகளைக் கேட்டே விலை பேச வேண்டும் என்பதை நிர்வாகத்தார் நினைவிற் கொள்வது நலம்.

ஆசான் இருக்கை

மூத்தோரின் அனுபவத்தை இழந்துவிடலாமா என்று சான்றோர் வினவுவர். இழத்தல் கூடாது. வள்ளுவர் பெரியாரைத் துணைக்கோடல் என்றே ஓர் அதிகாரம் வகுத்தார். துணையாகக் கொள்ளுதல் வேறு. களத்தில் நிறுத்துதல் வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதுவதால்தான் இடர் விளைகிறது.

மேற்கிந்தியத் தீவுகளின் டுவெய்ன் பிராவோ சென்னை அணியின் கடைசி ஓவர்களை ஆண்டுக்கணக்கில் காத்தவர். 2013-இல் 32 விக்கெட்டுகளும் 2015-இல் 26 விக்கெட்டுகளும் வீழ்த்தி இருமுறை பருவத்தின் முதல்வராகத் திகழ்ந்தவர். 2022 பருவத்தோடு அவர் ஆட்டம் முடிந்தது. அணி அவரை வாசலோடு அனுப்பிவிடவில்லை; வெறும் புகழுக்காக இன்னோர் ஆண்டு ஆடவும் வைக்கவில்லை. பந்துவீச்சுப் பயிற்சியாளராக அமர்த்தியது. 2023-இல் கடைசி ஓவர்களை வீசும் பொறுப்பு மதீஷ பதிரன என்னும் இருபது வயது இலங்கை இளைஞரிடம் சென்றது. அவர் 19 விக்கெட்டுகள் வீழ்த்தினார். சென்னை அணி ஐந்தாம் முறையாகக் கோப்பையை வென்றது. வீரரின் கைக்கு ஓய்வு கொடுத்து, அவர் அறிவுக்குப் பணி கொடுத்த இம்முறையே சிறந்தது என்பேன்.

மகேந்திர சிங் தோனியின் நிலையும் இங்கே நினைக்கத்தக்கது. ஐந்தாண்டுகளாகப் பன்னாட்டு ஆட்டம் ஆடாதவர் என்னும் விதியின் கீழ் 2025 பருவத்திற்கு அவரை அணி 4 கோடிக்கே தக்கவைத்துக்கொண்டது. ருதுராஜ் கெய்க்வாட் முழங்கைக் காயத்தால் விலகியபோது 43 வயதில் மீண்டும் தலைமைப் பொறுப்பையும் அவரே ஏற்றார். அவர்பால் மக்கள் கொண்ட அன்பு அளவிறந்தது. அரங்கு நிறைவது அவ்வன்பினால்தான். மூத்த வீரரால் கிட்டும் இவ்வருவாயும் பயனே அன்றோ எனில், பயனே. ஆனால் அன்பை அன்பென்றும் ஆட்டத்தை ஆட்டமென்றும் தனித்தனியே கணக்கெழுதும் நேர்மை வேண்டும். அரங்கை நிறைக்கப் பாராட்டு விழா போதும். பதினொருவரில் ஓர் இடம் வேண்டியதில்லை.

ஆடுகளமும் தொழிற்களமும்

இவ்வினா சேப்பாக்கத்தோடு முடிந்துவிடுவதில்லை. 1980-களிலிருந்து மொபெட்டும் சரக்குந்தும் கைக்கடிகாரமும் செய்து வளர்ந்த ஊர் ஓசூர். அக்காலத்தில் இளைஞர்களாக ஆலைகளில் சேர்ந்தோர் பலர் இன்று ஓய்வு பெற்றுவிட்டனர். ஓர் அச்சில் பிசகு நேர்ந்தால், காதால் கேட்டே குறையைச் சொல்லும் கைதேர்ந்த டூல்ரூம் தொழிலாளர்கள் அவர்களுள் உண்டு. அத்தகையோரை ஒப்பந்த முறையில் மீண்டும் அழைப்பதும் வழக்கமே. அழைக்கும்போது இதே மூன்று கேள்விகள் அங்கும் எழுகின்றன. பழைய லேத்தில் வல்லவர் கணினி வழி இயங்கும் பொறியிலும் வல்லவரா? அவர் வருகையால் ஐ.டி.ஐ. முடித்து வாயிலில் நிற்கும் இளைஞரின் இடம் போகிறதா, அன்றி அவ்விளைஞர்க்கு ஓர் ஆசான் கிடைக்கிறாரா? இரவுப் பணிக்கு அவரை நிறுத்துவது மரியாதையா, பயிற்சிக்கூடத்தில் அமர்த்துவது மரியாதையா?

நம் சங்கங்களிலும் நிர்வாகக் குழுக்களிலும் இவ்வினா உண்டு என்பதைப் பெரியோர்கள் பொறுத்தருள வேண்டுகிறேன். இருபதாண்டு தலைமை வகித்தவரை மீண்டும் தலைமைக்கே அழைப்பது எளிது. அனைவர்க்கும் மனம் குளிரும். அவர் அருகில் ஓர் இளையவரை அமர்த்தி, பொறுப்பை அவரிடமும் அறிவுரையை இவரிடமும் பெறுவது சற்றே கடினம். அக்கடினத்தை ஏற்கும் அமைப்புகளே தழைக்கின்றன. கிருஷ்ணகிரி மாந்தோப்பு உடையார் அறிவர்: முதிய மரத்தை வெட்டி எறிவதும் தவறு; புதுக் கன்று நடாமலே இருப்பதும் தவறு. தாய்மரத்தின் கிளையைக் கன்றில் ஒட்டி வளர்ப்பதே நம் வட்டாரத்து வழக்கம்.

முடிவாக

முதிர்ந்த வீரரை அணி வாங்கலாமா என்னும் வினாவிற்கு என் விடை இது. அவர் இன்று செய்யவல்ல ஒரு பணியைப் பெயரிட்டுச் சொல்ல முடியுமாயின், அப்பணிக்கு இன்றைய ஆட்டத்தில் தேவை இருக்குமாயின், அதனைச் செய்ய அவர்க்கு நிலையான இடம் ஒதுக்கப்படுமாயின், தயங்காமல் வாங்கலாம்; 34 ஆயினும் 38 ஆயினும் 40 ஆயினும் கவலையில்லை. கும்ளேயும் தாஹிரும் புவனேஷ்வரும் அதற்குச் சான்று. இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் வாங்கலாகாது. எவ்வளவு பெரும்புகழ் உடையவராயினும், நம் ஊர்ப் பிள்ளையே ஆயினும் வாங்கலாகாது. அப்போது அவர்க்கு உரியது ஆசான் இருக்கை. அதனை ஏலத்தில் விலை பேசும் தொகையாலன்றி, நன்றியாலும் மதிப்பாலும் அளிக்க வேண்டும்.

அஸ்வினின் புகழ் 2025-ஆம் ஆண்டின் ஏழு விக்கெட்டுகளால் ஒரு துளியும் குறையாது. அவர் தாமே முடிவெடுத்து விலகினார். அது அவர்க்குப் பெருமை. அம்முடிவை எடுக்க வேண்டிய நிலைக்கு அவரைக் கொண்டுவந்து நிறுத்தாதிருக்கும் கடமை அணிக்கு இருந்தது. மாணவச் செல்வங்களே, நாளை நீங்கள் ஓர் அணிக்கோ ஓர் ஆலைக்கோ ஒரு சங்கத்திற்கோ ஆள் தெரிவு செய்யும் இடத்தில் அமர்வீர்கள். மூத்தவர் ஒருவர் பெயர் முன்வைக்கப்படும்போது, அவர் பட்டங்களைப் படிக்குமுன் அவர்க்கு ஒதுக்கியுள்ள வேலையைப் படியுங்கள். வேலை எழுதப்படாமல் பெயர் மட்டும் எழுதப்பட்டிருந்தால், அத்தாளை மேசையில் திருப்பி வைத்துவிடுங்கள். அதுவே அம்மூத்தவர்க்கு நீங்கள் செய்யும் மரியாதை.